நாய் இருக்கும் வீட்டுக்குப் பூனைக்குட்டி: கொண்டுவருவதற்கு முன் யோசிக்க வேண்டியவை

மாரிமழை தொடங்கிய நேரம். ரியூசன் முடிந்து வந்த மகள் தன் பையைத் திறக்க, உள்ளே ஒரு பூனைக்குட்டி. வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் யாரோ உரப்பையில் போட்டு விட்டுப் போயிருந்தார்களாம். மூன்று குட்டிகளில் இது ஒன்றுதான் உயிரோடு கிடந்தது. நனைந்து, உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில் இருந்தது.

விறாந்தையில் படுத்திருந்த எங்கள் நாய் கறுப்பன் எழும்பி நின்று மூக்கை உயர்த்தியது. குசினிக்குள் இருந்து வந்த அம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "உதை எடுத்த இடத்தில கொண்டுபோய் விடு பிள்ளை. நாய் கடிச்சுப் போடும்."

"மழைக்குள்ள செத்துப்போம் அம்மம்மா," என்றாள் மகள்.

அம்மா பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். அது கோபம் அல்ல என்பது எனக்குத் தெரியும். 2009 ஜனவரியில் தருமபுரத்தை விட்டு வெளிக்கிட்டபோது எங்கள் வீட்டு நாய் ஜிம்மி உழவு இயந்திரத்துக்குப் பின்னால் நெடுந்தூரம் ஓடி வந்தது. எந்த இடத்தில் அது பின்தங்கியது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஆட்களையே எண்ணிப் பார்க்க முடியாத நாட்கள் அவை. மீள்குடியேறிய பிறகு பல வருடங்களாக அம்மா வீட்டில் எதையும் வளர்க்க விடவில்லை. கறுப்பன்கூட, ஆண் துணை இல்லாத வீட்டுக்கு இரவில் ஒரு காவல் வேண்டும் என்பதற்காக வந்ததுதான். இன்றைக்கும் அம்மா அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "நாய்" என்றுதான் சொல்லுவார்.

எங்கள் வீட்டில் நடந்தது போன்ற ஒரு கதை இங்கே பல வீடுகளில் உண்டு. அதனால்தான், நாய் இருக்கும் வீட்டுக்குப் பூனைக்குட்டியைச் சேர்ப்பதா என்ற கேள்வி எங்களுக்குச் சின்னக் கேள்வி அல்ல. பாவம் பார்த்து எடுத்துவிட்டு, ஒரு கிழமைக்குள் பிள்ளையின் கண்முன்னால் நாய் அதைக் கடித்துக் கொன்றால், அந்தப் பிள்ளைக்கும் அந்த வீட்டில் ஏற்கெனவே இழந்தவர்களுக்கும் அது எப்படி இருக்கும்? அதேநேரம், பயத்தினால் எடுக்காமல் விடுவதும் எல்லா வீட்டுக்கும் சரியான முடிவல்ல. ஒரு மிருக வைத்தியரிடம் கேட்டும், எங்கள் கண்ணால் கண்டும் நாங்கள் அறிந்துகொண்டவற்றை இங்கே தருகிறேன்.

முதலில் நாயைப் பாருங்கள்

"நாயும் பூனையும் மாதிரி" என்று சண்டைக்காரரைச் சொல்லுவோம். உண்மையில் இரண்டும் பிறவிப் பகைவர்கள் அல்ல. நாய்க்குள் இருப்பது ஓடும் சின்னப் பொருளைத் துரத்திப் பிடிக்கும் குணம். பூனைக்குட்டி பயந்தால் ஓடும். அது ஓடினால் நாய் துரத்தும். பிரச்சினையின் வேர் பெரும்பாலும் இதுதான். இந்தக் குணம் எல்லா நாய்க்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. உங்கள் நாயில் அது எவ்வளவு இருக்கிறது என்பதை அதன் பழைய நடத்தையே சொல்லிவிடும்.

உங்களை நீங்களே கேட்க வேண்டிய கேள்விகள் இவை. வளவுக்குள் கோழிக்குஞ்சுகள் திரியும்போது நாய் என்ன செய்கிறது? அணிலையோ உடும்பையோ பக்கத்து வீட்டுப் பூனையையோ இதற்கு முன் கொன்றிருக்கிறதா? துரத்தத் தொடங்கிய பிறகு நீங்கள் கூப்பிட்டால் திரும்பி வருகிறதா? சாப்பிடும்போது பக்கத்தில் போனால் உறுமுகிறதா?

கோழிக்குஞ்சுகளுக்கு நடுவில் படுத்துத் தூங்கும் நாய், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் நாய் என்றால் நம்பிக்கை வைக்கலாம். ஏற்கெனவே ஒரு பூனையைக் கொன்ற நாய், முயல் வேட்டைக்குப் பழக்கப்பட்ட நாய் என்றால் என் பதில் நேரடியானது: கொண்டுவர வேண்டாம். பழக்கினால் மாறும் என்று நம்பி ஒரு குட்டியின் உயிரைப் பணயம் வைப்பது நியாயமில்லை.

நாயின் வயதையும் பார்க்க வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட நாய் கடிக்கும் நோக்கம் இல்லாமலே விளையாட்டாக மிதித்தும் கவ்வியும் குட்டியைச் சாகடித்துவிடலாம். பத்து வயதைக் கடந்த நாய்க்கு மூட்டுநோவு இருக்கலாம். மேலே பாய்ந்து விளையாடும் குட்டி அதற்கு வேதனை. நடுவயது, அமைதியான நாய்தான் மற்றவற்றைவிடச் சுலபம். குட்டியாக இருந்த முதல் மூன்று மாதங்களுக்குள் பூனையோடு பழகிய நாய் என்றால் இன்னும் நல்லது. பூனைக்குட்டிக்கும் இப்படியொரு காலம் உண்டு. பிறந்து இரண்டாவது கிழமையிலிருந்து ஏழாவது, எட்டாவது கிழமை வரை அது காண்பவற்றை உலகத்தின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொள்ளும்.

இன்னொன்றை நாங்கள் கவனிப்பதில்லை. ஒரு நாய் தனியாக இருக்கும்போது அமைதியாக இருக்கும். இரண்டு மூன்று நாய்கள் சேர்ந்துவிட்டால் அதே நாய் துரத்தும். உங்கள் வேலி ஓட்டை வழியாக ஊர் நாய்கள் வந்து போகுமென்றால், அவற்றோடு சேர்ந்து உங்கள் நாய் என்ன செய்யும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

பகல் முழுக்கச் சங்கிலியில் கட்டிக்கிடக்கும் நாய் பாதுகாப்பானது என்றும் நினைக்க வேண்டாம். அசைய முடியாமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கும் நாய்க்கு ஆத்திரம் கூடும். குட்டி விளையாட்டாகச் சங்கிலி எட்டும் தூரத்துக்குள் போனால் ஒரு நொடியில் எல்லாம் முடிந்துவிடும்.

வீட்டையும் ஆட்களையும் பாருங்கள்

குட்டியை முதல் சில நாட்களாவது நாய் புக முடியாத இடத்தில் வைக்க வேண்டும். இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டப்பட்ட 550 சதுர அடி வீடுகளில் எத்தனையோ இன்னும் உள் அறைகளுக்குக் கதவு போடப்படாமல் இருக்கின்றன. கதவில்லாத வீட்டில் என்ன செய்வது? எங்கள் வீட்டிலும் அதுதான் நிலை. பழைய கோழிக்கூட்டைக் கழுவி வெயிலில் காயவைத்து, அம்மாவின் அறைக்குள் மேசைக்கு மேல் தூக்கி வைத்தோம். அறை வாசலுக்குப் பலகை ஒன்றை அடித்து மறித்தோம். கம்பிவலை அடித்த கூடு என்றால் போதும், காசு செலவழித்து வாங்கத் தேவையில்லை.

வீட்டில் இருப்பவர்களின் நிலையையும் மறக்கக்கூடாது. பொய்க்கால் போட்டு நடப்பவர், ஊன்றுகோல் பாவிப்பவர், எறிகணைக் காயத்தால் பார்வை குறைந்தவர் வீட்டில் இருந்தால், காலுக்குள் புகுந்து ஓடும் குட்டி அவரை விழுத்திவிடலாம். குட்டியின் கழுத்தில் சின்ன மணி கட்டினால் அது எங்கே நிற்கிறது என்று கேட்கும். கழுத்துப் பட்டி எங்காவது சிக்கினால் தானாகக் கழரக்கூடிய, இழுபடும் இறப்பர் நாடாவாக இருக்க வேண்டும்.

கர்ப்பிணிகள் இருந்தால் பூனையின் மலத்தை அவர்கள் அள்ளக்கூடாது. ரொக்சோபிளாஸ்மா என்ற கிருமி பூனை மலத்தின் வழியாகப் பரவி வயிற்றில் இருக்கும் பிள்ளையைப் பாதிக்கக்கூடியது. மலம் கழிந்து ஒரு நாளாவது கடந்த பிறகே அந்தக் கிருமி தொற்றும் நிலைக்கு வரும். ஆகவே வேறொருவர் நாள்தோறும் மண் தட்டைத் துப்புரவாக்கினால் ஆபத்து நன்றாகக் குறையும். தோட்ட மண்ணில் வேலை செய்த பிறகு கை கழுவுவதும் இதனால்தான் அவசியம்.

அடுத்தது காலம். ஒரு வீட்டுப் பூனை 12 முதல் 15 வருடங்கள் வரை வாழக்கூடியது. பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில் இருக்க, வயதானவர்கள் தனியே இருக்கும் வீடுகள் எங்கள் பக்கம் அதிகம். ஆறு மாத விசாவில் பிள்ளையிடம் போகும்போது நாயையும் பூனையையும் யார் பார்ப்பது என்பதை, குட்டியை எடுப்பதற்கு முன்பே அயலவர் ஒருவரோடு கதைத்து வைக்க வேண்டும். பேரப்பிள்ளை ஆசைப்பட்டு எடுத்த குட்டி, அந்தப் பிள்ளை உயர்தரம் படிக்க விடுதிக்குப் போன பிறகும் வீட்டில் இருக்கும்.

தடுப்பூசி இல்லாமல் முடிவெடுக்க வேண்டாம்

1970களில் இலங்கையில் விசர்நாய்க்கடி நோயால் ஆண்டுக்கு முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்த காலம் இருந்தது. நாய்களுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியதும், கடிபட்டவர்களுக்கு அரச வைத்தியசாலைகளில் இலவசமாக மருந்து கொடுத்ததும் அந்த எண்ணிக்கையைப் பெருமளவு குறைத்தன. ஆனாலும் நோய் இன்னும் போகவில்லை. அறிகுறி தோன்றிய பிறகு இதற்கு வைத்தியம் கிடையாது.

பெயரில் நாய் இருப்பதால் பூனையிலிருந்து இது வராது என்று நினைக்கிறார்கள். அது பிழை. விசர் பிடித்த நாயோ கீரியோ கடித்த பூனையும் நோயைப் பரப்பும். தெருவில் எடுத்த குட்டியின் கதை யாருக்கும் தெரியாது. ஆகவே குட்டி கடித்தாலோ இரத்தம் வரும்படி பிறாண்டினாலோ, ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். பிறகு தாமதிக்காமல் அரச வைத்தியசாலைக்குப் போங்கள். மஞ்சள், கோப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் பூச வேண்டாம். கடித்த மிருகத்தை அடித்துக் கொல்லாமல், தப்பிவிடாதபடி வைத்து 14 நாட்கள் அவதானியுங்கள். அது சாப்பிடாமல் விட்டாலோ, நடத்தை மாறினாலோ, செத்தாலோ உடனே வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும். எங்கள் மகளின் கையில் முதல் நாளே பிறாண்டல் இருந்தது. சின்னக் கீறல்தான், ஆனாலும் கழுவிவிட்டு வைத்தியசாலையில் காட்டினோம். ஊசி தேவையா இல்லையா என்பதை வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும்.

குட்டியை உள்ளே எடுக்கும் முன் நாய்க்கு அந்த ஆண்டுக்கான விசர்த் தடுப்பூசி போடப்பட்டிருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள். இல்லையென்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ பிரதேச அரச கால்நடை வைத்தியர் பணிமனையிலோ கேளுங்கள். குட்டிக்கு மூன்று மாதம் அளவில் விசர்த் தடுப்பூசி போடலாம். பூனைகளுக்கு வரும் கடுமையான வயிற்றோட்டம், சளிக்காய்ச்சல் போன்றவற்றுக்கான வேறொரு தடுப்பூசியை எட்டாவது கிழமை அளவில் தொடங்குவார்கள். அதற்குக் காசு செலவாகும்.

தெள்ளு இரண்டுக்கும் பொது. நாயிலிருந்து பூனைக்கும் பூனையிலிருந்து நாய்க்கும் தாவும். தெள்ளை நக்கி விழுங்குவதால் ஒருவகை நாடாப்புழுவும் வரும். ஆகவே ஒன்றுக்கு மருந்து போட்டால் போதாது, இரண்டுக்கும் போட வேண்டும். இங்கேதான் மிகப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. நாய்க்கென்று விற்கும் உண்ணி, தெள்ளு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற இரசாயனம் உண்டு. நாய்க்கு அது பிரச்சினையில்லை, பூனைக்கு நஞ்சு. பூனையின் ஈரலால் அதை உடைத்து வெளியேற்ற முடியாது. நாய்க்குப் பூசிய மருந்து காயுமுன் குட்டி அதோடு உரசிப் படுத்தாலே நடுக்கம், வலிப்பு வந்து சாகலாம். இதே காரணத்தால் பனடோலும் பூனைக்கு நஞ்சுதான். காய்ச்சல் என்று நினைத்து அரைக் குளிசை கொடுத்தாலும் பூனை இறந்துவிடும்.

ஒரே கோப்பையில் சாப்பாடு போடலாமா?

கூடாது. முதல் காரணம் சண்டை. அமைதியான நாய்கூடச் சாப்பாட்டுக் கோப்பைக்குக் கிட்ட வரும் குட்டியைக் கடித்துவிடும். குட்டிக்கு மேசை, கட்டு போன்ற உயரமான இடத்தில் சாப்பாடு வையுங்கள். நாய்க்கு வழமையான இடத்திலேயே வையுங்கள்.

இரண்டாவது காரணம், இரண்டின் தேவையும் வேறு. நாய் சோறும் கறியும் கலந்து சாப்பிட்டு வாழும். பூனை முழுக்க முழுக்க ஊனுண்ணி. தோரின் என்ற சத்து அதன் கண்ணுக்கும் இருதயத்துக்கும் கட்டாயம். அது இறைச்சியிலும் மீனிலும்தான் உண்டு. நாய்க்கான கடைத் தீனியில் பூனைக்குப் போதிய அளவு இருக்காது. சூடை, கீரி, நெத்தலி போன்ற சின்ன மீன்களை அவித்து, கொஞ்சச் சோற்றோடு பிசைந்து கொடுக்கலாம். மீனின் பங்கு கூடவும் சோற்றின் பங்கு குறையவும் இருக்க வேண்டும். இடைக்கிடை முட்டை, கோழி ஈரல் சேர்க்கலாம். வெங்காயம், உள்ளி போட்ட கறி இரண்டுக்குமே கூடாது. அவை இரத்தத்தைக் கெடுக்கும். பசுப்பால் பல குட்டிகளுக்கு வயிற்றோட்டத்தைத் தரும். தாயில்லாத, நாலு கிழமைக்குக் குறைந்த குட்டி என்றால் என்ன பால் கொடுப்பது என்பதை வைத்தியரிடம் கேட்பதே நல்லது. ஒரு மாதக் குட்டி ஏறக்குறைய 400 முதல் 450 கிராம் இருக்கும். இரண்டு மாதத்தில் அது இரட்டிக்கும். கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தால் வயதை ஓரளவு ஊகிக்கலாம்.

எலி பிடிக்கும் என்பதற்காக எடுக்கலாமா?

எங்கள் ஊர்களில் பூனை வளர்ப்பதற்கு முதல் காரணம் எலி. 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைப் பறித்த பிறகு பலர் பூனை தேடியதையும் கண்டோம். பூனை இருக்கும் வீட்டுக்குள் எலி நடமாட்டம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் எலிக்காய்ச்சல் பரவுவது எலியின் சிறுநீர் கலந்த வெள்ளத்தாலும் சேற்றாலும். வயலில் இறங்குபவருக்கு வீட்டுப் பூனை காவல் தராது. நாய்க்கும் அந்தக் கிருமி தொற்றலாம். ஆகவே எலிக்காக மட்டும் குட்டி எடுப்பதானால், நெல் மூட்டையை உயர்த்தி வைப்பதும் குப்பையை மூடுவதும் அதைவிட முதலில் செய்ய வேண்டியவை. எலிப்பாசாணம் வைக்கும் பழக்கம் உள்ள வீடு என்றால் பூனையும் நாயும் இரண்டுமே ஆபத்தில்.

பழக்குவது எப்படி?

யோசித்து, "சரி, எடுப்போம்" என்று முடிவெடுத்தால், அதன் பிறகு தேவை பொறுமை. முகத்துக்கு முன் குட்டியைத் தூக்கிக் காட்டி "பார், உன்ர தம்பி" என்று நாய்க்கு அறிமுகம் செய்வதுதான் எல்லாரும் செய்யும் பிழை.

முதல் மூன்று நான்கு நாட்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கக்கூடாது. குட்டி அறைக்குள்ளேயே இருக்கட்டும். ஒரு அகலமான தட்டில் மணல் போட்டு வைத்தால் அது தானாகவே அதில் மலசலம் கழிக்கப் பழகும். அந்தத் தட்டு நாய்க்கு எட்டாமல் இருக்க வேண்டும். இந்த நாட்களில் மணத்தால்தான் அறிமுகம். குட்டி படுத்த துணியை நாய்க்குப் பக்கத்தில் போடுங்கள், நாய் படுத்த சாக்குத் துண்டைக் குட்டிக்குப் பக்கத்தில் போடுங்கள். மணந்துவிட்டு நாய் பேசாமல் போனால் ஒரு துண்டு கருவாடோ பிஸ்கட்டோ கொடுங்கள். மறிப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நேரத்தில் சாப்பாடு வையுங்கள். அந்த மணம் வந்தால் நல்லது நடக்கும் என்று இரண்டும் படிக்க வேண்டும்.

அடுத்த கட்டம் பார்வை. நாயை நன்றாக நடத்திக் களைக்க வைத்துவிட்டு, கயிற்றில் பிடித்தபடி பத்து அடி தூரத்தில் இருத்துங்கள். குட்டியை ஒருவர் கூட்டுக்குள் வைத்துக் காட்டட்டும். ஐந்து நிமிடம் போதும். நாளைக்கு இரண்டு தரம். நாய் குட்டியைப் பார்த்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் தீனி கொடுங்கள். அடிக்கவோ ஏசவோ வேண்டாம். குட்டி வந்தால் எனக்கு அடி விழும் என்று நாய் விளங்கிக்கொண்டால், அந்த வெறுப்பு குட்டி மேல்தான் போகும்.

இங்கே நாயின் உடம்பை வாசிக்கத் தெரிய வேண்டும். உடம்பு தளர்ந்து, வாய் திறந்து, முன்னங்காலைத் தாழ்த்திப் பின்பக்கத்தை உயர்த்தினால் அது விளையாட்டு. உடம்பு விறைத்து, வாயை மூடி, கண் வெட்டாமல் பார்த்து, கூப்பிட்டாலும் திரும்பாமல் நின்றால் அது வேட்டை. குரைக்கும் நாயைவிடச் சத்தமில்லாமல் நடுங்கிக்கொண்டு பார்க்கும் நாய்தான் ஆபத்து. வாலாட்டுவதை மட்டும் வைத்து நம்ப வேண்டாம். பூனையின் வால் வேறு மொழி: அது வாலை அங்குமிங்கும் அடித்தால் எரிச்சல் என்று அர்த்தம். நாய் அதை நட்பென்று எடுத்துக் கிட்டப் போய் மூக்கில் பிறாண்டல் வாங்கும்.

கயிறு தளர்வாகக் கிடந்தும் நாய் அமைதியாக இருந்தால், குட்டியை வெளியே விடலாம். குட்டிக்கு எப்போதும் ஏறித் தப்ப ஒரு இடம் வேண்டும்: அலுமாரி மேல், யன்னல் கட்டு, சுவரில் அடித்த பலகை. தப்ப வழி இருக்கும் குட்டி ஓடாது. ஓடாத குட்டியை நாய் துரத்தாது. குட்டி ஐந்து ஆறு மாதமாகி நன்றாகப் பாயவும் ஏறவும் பழகும் வரை ஆட்கள் இல்லாத நேரத்திலும் இரவிலும் இரண்டையும் ஒன்றாக விட வேண்டாம்.

எங்கள் வீட்டில் ஒன்பதாம் நாள் மகள் பலகையை எடுத்துவிட்டுப் பூட்ட மறந்துவிட்டாள். குட்டி விறாந்தைக்கு ஓடியது. கறுப்பன் பாய்ந்தது. குட்டி யன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டு சீறியது. அம்மாதான் முதலில் ஓடிப்போய் நாயின் கழுத்தைப் பிடித்தார். ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் அதற்குப் பிறகு இரண்டு நாட்கள் குட்டி கூட்டை விட்டு வெளியே வரவில்லை. எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்து தொடங்கினோம். இரண்டு மூன்று கிழமையில் முடியும் என்று நினைத்த வேலை இரண்டு மாதம் எடுத்தது. சில வீடுகளில் ஒரு கிழமையிலும் முடியும். இரண்டு மாதத்துக்குப் பிறகும் நாய் விறைத்துப் பார்ப்பதை விடவில்லையென்றால், குட்டிக்கு வேறு வீடு தேடுவதுதான் சரி. அது தோல்வி அல்ல.

முடியாது என்றால்?

எடுக்க முடியாது என்று முடிவெடுப்பவரும் நல்ல மனிதர்தான். ஆனால் சந்தையிலும் கோயில் வாசலிலும் பள்ளிக்கூட மதிலோரத்திலும் குட்டியை விடுவது முடிவல்ல. நாயில்லாத ஒரு வீடு கிடைக்கும் வரை ஒரு கூட்டில் வைத்துச் சாப்பாடு கொடுப்பது, பத்துப் பேரிடம் கேட்டுப் பார்ப்பது, அதுவே பெரிய உதவி.

எடுப்பவர்கள் கருத்தடையையும் இப்போதே யோசிக்க வேண்டும். பெட்டைக்குட்டி நாலைந்து மாதத்திலேயே சினைப்படலாம். ஏறக்குறைய 63 நாளில் குட்டி போடும். வருடத்தில் இரண்டு மூன்று தரமும் போடும். மதகடியில் உரப்பையில் கிடந்த குட்டிகளின் கதை தொடங்குவது இங்கேதான்.

இன்னொரு முறை வெளிக்கிட வேண்டி வந்தால்?

இந்தக் கேள்வியை எங்களைப்போன்ற வீடுகள் கேட்காமல் விட முடியாது. 2018 டிசெம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வந்தபோது இரவோடிரவாகப் பள்ளிக்கூடங்களுக்குப் போனோம். நாய் பின்னால் ஓடி வரும், நீந்தும். பூனை வராது. பயந்தால் கூரைக்குள் ஒளித்துக்கொள்ளும். ஆகவே மூடியுள்ள ஒரு பிளாஸ்ரிக் கூடையை எப்போதும் வீட்டில் வையுங்கள். குட்டி நாள்தோறும் அதற்குள்ளேயே சாப்பிடவும் தூங்கவும் பழகினால், அவசரத்தில் தானாகவே உள்ளே போகும். நாயின் கயிறு, இரண்டின் தடுப்பூசி அட்டைகள் எல்லாம் அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் இருக்கும் பையோடு இருக்கட்டும்.

எங்கள் வீட்டில் அந்தக் கூடையை வாங்கி வந்தவர் அம்மா. குட்டி வந்து மூன்றாம் நாள் சந்தைக்குப் போனவர் மரக்கறியோடு அதையும் கொண்டுவந்து விறாந்தையில் வைத்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "வைச்சிருக்கிறதெண்டால் கொண்டுபோகத் தெரியவேணும். இனி ஒண்டையும் விட்டுட்டு வரேலாது."

இப்போது குட்டிக்கு எட்டு மாதம். கருத்தடை செய்தாகிவிட்டது. பகலில் கறுப்பன் விறாந்தையின் ஒரு பக்கமும் அது யன்னல் கட்டிலும் படுத்திருக்கும். பெரிய நட்பு என்று சொல்ல முடியாது. ஒன்றை ஒன்று சகித்துக்கொண்டு ஒரே கூரைக்குக் கீழே இருக்கின்றன. ஒரு நாயிடமும் பூனையிடமும் அதற்கு மேல் நாங்கள் எதிர்பார்க்கவும் தேவையில்லை. கூடை அம்மாவின் கட்டிலுக்குக் கீழே மூடி திறந்தபடி இருக்கிறது.